வயல் மண்ணும் உரமும் ஆற்றுக்குப் போகாமல் தடுக்க மானியம் தரும் கரையோரத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேட்டுநிலம்:
அந்தச் செயல்விளக்கக் கூட்டம் இன்னும் மனதை அரிக்கிறது. இரண்டு தட்டில் மண். ஒன்று உழுது வெறுமனே கிடந்த என் வயலுடையது, இன்னொன்று மூடுபயிர் (மண்ணை வெறுமனே விடாமல் மூடி வைக்க வளர்க்கும் பயிர்) போட்ட பக்கத்து வயலுடையது. மேலே இருந்து செயற்கை மழை விட்டார்கள். என் தட்டில் வழிந்தது முழுக்கக் கலங்கல், மண்ணுக்குள் இறங்கியது சொட்டு சொட்டாகத்தான். பக்கத்துத் தட்டில் வழிந்ததே கொஞ்சம், அதுவும் தெளிவு. அதிகாரி ஒன்றும் பேசவில்லை. கலங்கல் குடுவையை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்து வயல்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்! அன்றே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் மட்டும் மானியத்துக்காக என்று சொல்லிவைத்தேன்.

கரைக்காரன்:
எங்களுக்கு ஆற்றை ஒட்டிப் புல்லும் மரமும். நட்ட செலவில் பெரும் பங்கு திட்டத்துடையது. பெருமழை விட்டதும் போய்ப் பார்த்தேன். புல்பட்டையின் மேல் ஓரம் நெடுக வண்டல் ஒதுங்கிக் கிடந்தது. எல்லாம் என் மேல்மண். ஆனால் எதிர்க்கரையில் ஒருவர் ஒப்பந்தம் முடிந்ததும் மொத்தத்தையும் உழுதுவிட்டார், விளைபொருள் விலை ஏறியிருந்த நேரம். புல்பட்டை இருந்தால் ஆறு பிழைக்கும், அவ்வளவுதான் விஷயம்.

வடிகால்:
கரைக்காரன், அவ்வளவுதான் இல்லை. பட்டை பிடிப்பது மண்ணையும் அதில் ஒட்டிய உரத்துப் பாஸ்பரஸையும். யூரியா போன்ற உரத்திலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரில் கரைந்து போகிற சரக்கு. வயலுக்கு அடியில் வடிகுழாய் இருந்தால் உங்கள் புல்லுக்கும் அடியாகவே ஆற்றுக்குப் போய்விடும். எங்கள் குழாய் வாயில் தண்ணீர் அத்தனை தெளிவு, குடிக்கலாம் போல இருந்தது. டெஸ்ட் ஸ்டிரிப்பை முக்கினால் அடர்ந்த இளஞ்சிவப்பு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்வது லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம். கலங்கலைப் பார்த்துப் பதறுகிறோம், தெளிந்த தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்புறம்தான் மரச்சில்லு நிரப்பிய குழி வெட்டிக் குழாயை அதன் வழியாகத் திருப்பினார்கள். அதில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும்.

உரக்கணக்கு:
எங்கள் பக்கமும் ஒரு அதிகாரி வந்தார், நல்ல மனிதர். அது இருக்கட்டும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். பாஸ்பரஸ் ஏற்கெனவே நிறைய இருந்தால் மேலும் கொட்டாதீர்கள். யூரியாவை ஒரே தடவையில் போடாமல் பயிர் கேட்கும்போது பிரித்துப் போடுங்கள். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். சாணத்தையும் உரக்கணக்கில் சேருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். உழாமல் விடுகிறவர்கள் உரத்தை மேலாகத் தூவினால் பாஸ்பரஸ் மேல்மட்டத்திலேயே தங்கி மழையில் கரைந்து ஓடும், மண்ணுக்குள் இறக்கிப் போடுங்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் நச்சுப்பாசி பெருகி, அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலிடோ நகரத்தில் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சியும் பயனில்லை என்று அறிவித்தார்கள். அந்தப் பாசி வளர்ந்ததே பெரும்பாலும் வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸில்தான்.

மேட்டுநிலம்:
உரத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே ஐயா. சரி, வடிகால், அந்த மரச்சில்லை அடிக்கடி மாற்ற வேண்டுமா?

வடிகால்:
பத்து வருடம் தாங்கும் என்றார்கள். வடிகுழாயில் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்யும் பலகையைத்தான் பருவத்துக்கு ஏற்ப நாமே ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு மானியம் கிடையாது.