ஒரே கார், மூன்று பேர், நான்கு மணி நேரம்: செட்டிபாளையம் அனுபவம்

கணபதி லேத்:

ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். அப்புச்சி ஊர் உடுமலைப் பக்கம். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டம். புழுதி அடங்குவதற்குள் வென்றது யார், தோற்றது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பந்தயம் என்றால் அதுதான் என்று முப்பத்தைந்து வயதுவரை நினைத்திருந்தேன். போன ஆடி மாதம் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே கார்ப் பந்தயத் தடத்தில், எங்களைப் போன்ற வார இறுதிக்காரர்களுக்கு நடந்த நான்கு மணி நேரப் பந்தயத்தில் ஒரு காரைக் குழுவாக ஓட்டினோம். அதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து மனது அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே இன்னும் சிலர் இப்படி ஓட்டியிருப்பீர்கள்; நீங்களும் எழுதுங்கள்.

கார் பழைய எஸ்டீம், 1,300 சிசி எஞ்சின். 65,000 ரூபாய்க்கு வாங்கினோம். நான்கு மாதம், பட்டறை சாத்தியபின் இரவு வேலை. பின்சீட்டு, கம்பளம், கதவு அட்டை, ஏசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டினோம். கார் உருண்டால் ஆளைக் காப்பது அந்தக் கூண்டுதான் என்பதால் தையல் இல்லாத குழாய் மட்டுமே வாங்கினோம். ஒவ்வொரு வெல்டையும் நானே சுத்தியால் தட்டிப் பார்த்தேன். ஹீட்டரை மட்டும் கழற்றாமல் விட்டோம். உக்கடத்து மெக்கானிக் அண்ணன், "அது இருக்கட்டும், எடுக்க வேண்டாம்" என்றார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

ஓட்டுபவர்கள் நான்கு பேர். நான், மச்சான், சூலூர்த் தம்பி, மாமா. மாமாவுக்கு 52 வயது; காங்கேயம் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் விவசாயம். மச்சான்தான் எங்களில் வேகமானவர். பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் சக்கரம் மாட்டும்போது ஜாக்கி நழுவி அவருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே, "நீங்கள் மூன்று பேரும் ஓட்டுங்கள், என்னால் வண்டி நிற்கக் கூடாது" என்றார்.

அன்று இரவு எல்லோருக்கும் நினைவு வந்தது நம் ஊர்க் கார்ப் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன். 2009இல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அவர் ஆடி (Audi) நிறுவனக் காரில் ஓட்ட வேண்டியவர். பந்தயம் தொடங்கும் முன், தடத்தோரம் கார்களை நிறுத்திப் பார்க்கும் இடமான 'பிட்' சுவரிலிருந்து விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டது. அவருடைய குழுவில் மீதி இருந்த இருவர் மட்டுமே இரவும் பகலும் மாறி மாறி ஓட்டி ஏழாவது இடத்தில் முடித்தார்கள். எங்களுடையது அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியதா என்றால் இல்லை. ஆனாலும் அந்தக் கதை அன்று எங்களைத் தூங்க வைத்தது.

ஒருவர் ஒரே மூச்சில் 75 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. மூன்று பேர் என்றால் ஒருவர் இரண்டு முறை உட்கார வேண்டும். மாமா கையைத் தூக்கினார்.

தடம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். எங்கள் கார் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 25 நொடி எடுத்தது. முதல் ஒரு மணி நேரம் நான் ஓட்டினேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அன்று நல்ல வேகம்; நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் கையில் இழுத்துக்கொண்டே இருந்தது. காய்ந்த புல்லும் புழுதியும் தடத்தின் மேல் பறந்தன. வேகமான வண்டி பின்னால் வந்தால் நீலக் கொடி காட்டுவார்கள். அதைக் கண்டவுடன் ஒதுங்கி வழிவிட வேண்டும். முதல் அரை மணி நேரம் வழிவிடவே மனம் வரவில்லை. அப்புறம்தான் அந்த வண்டிக்கும் எனக்கும் போட்டியே இல்லை, என் வேலை காரை முழுதாக மாமா கையில் கொடுப்பது மட்டும் என்று பிடிபட்டது. அதன்பின் தோள் இறுக்கம் தானாகத் தளர்ந்தது.

ஆள் மாறுவதை நேரில் பார்க்க வேண்டும். எஞ்சின் நிறுத்தியாக வேண்டும். பெட்ரோல் ஊற்றும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. தீயணைப்பானை ஏந்தி ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஆறு முனை பெல்ட்டை அவிழ்த்து இறங்குபவரே அடுத்தவருக்கு அதைப் பூட்டிவிடுவார். தோள்பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டே காதருகே குனிந்து சொல்வார்: பிரேக் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கிறது, எந்தக் கியர் முரண்டு பிடிக்கிறது, எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு மச்சான் அங்கேயே நின்றார். பிட் தரையில் இடது கையால் சாக்பீஸ் பிடித்துத் தடத்தின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்து, மண் சேர்ந்த வளைவுகளில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். ஏறப்போகிறவர் அந்தப் படத்தின் மேல் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஏறுவார்.

மூன்றாவதாகத் தம்பி ஓட்டினான். 23 வயது, நல்ல கை. மூன்றாவது மணி முடியும் நேரத்தில் உள்ளே வந்தான். மாமா ஏறத் தயாராக ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார். தம்பி இறங்கினான்; ஆனால் பெல்ட்டைத் தொடவில்லை.

"மாமா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். நாற்பது நிமிடம் முன்னால் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டேன். உடனே ஏறிவிட்டேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போதிலிருந்து டெம்பரேச்சர் ஊசி கொஞ்சம் மேலேயே நிற்கிறது."

மாமா கோபப்படவில்லை. "கண்ணு, முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் கரை எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்தவனிடம் மண்வெட்டியைக் கொடுப்பான். நீ சொல்லிவிட்டாய். போய்த் தண்ணீர் குடி" என்றார்.

மெக்கானிக் அண்ணன் அதற்குள் பம்பருக்குக் கீழே படுத்துவிட்டார். ரேடியேட்டரின் முகம் முழுக்கக் காய்ந்த புல். நடுவே டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகள் தேங்காய் நார் போல அடைத்திருந்தன. காற்று போக வழியே இல்லை. நான் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா என்றேன். என் கையைத் தட்டிவிட்டார். அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரி தாண்டியும் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டில் மூடியைத் திருகினால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். பெயிண்ட் பிரஷ் எடுத்து, தகடு மடங்காதபடி மேலிருந்து கீழாகப் புல்லை இழுத்தார். ஐந்து நிமிடம் கட்டாய நிறுத்தம். எங்களுக்கு ஏழரை ஆனது. முழுக்கச் சுத்தமாகவில்லை. "மீதியை மாமா பார்த்துக்கொள்வார்" என்று எழுந்துவிட்டார்.

கடைசி அரை மணியில் சுற்றுக்கு எட்டு, ஒன்பது நொடி கூடியது. பிரேக் போய்விட்டது என்று நினைத்தேன். கொடி விழுந்து கார் உள்ளே வந்ததும் கதவைத் திறந்தேன். அடுப்பு வாயைத் திறந்ததுபோல முகத்தில் அனல் அடித்தது. ஹீட்டர் முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சின் தண்ணீர் அதன் வழியாகவும் ஓடும். முன்னால் உள்ளது அடைத்துக்கொண்டதால் மாமா இதைத் திறந்து எஞ்சின் சூட்டைத் தன் மேல் வாங்கியிருக்கிறார். இரட்டைத் துணி உடை, ஹெல்மெட், ஏசி இல்லாத கூண்டு, அதற்குள் அரை மணி நேரம். கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கை நாள் முழுக்கத் துணி துவைத்ததுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. மோர்ச் சொம்பை வாங்கியவர் தான் குடிக்காமல் முதலில் கேட்டார்: "தம்பி சாப்பிட்டானா?"

148 சுற்று. 18 வண்டிகளில் பதினொன்றாவது இடம்.

நேரக்குறிப்பு நோட்டு:

மேலே எழுதியவரின் தங்கை நான். அன்று பிட் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதியது நான்தான். அண்ணன் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி புல்லில் இறங்கிய சுற்றில் ஏழு நொடி கூடியிருந்தது. அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். யாரோ முன்னால் சுழன்றிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அப்போதே வாயைத் திறந்திருந்தால் எஞ்சினுக்கு நாற்பது நிமிடச் சூடு மிச்சமாகியிருக்கும். இனி வட்டம் போட்டால் உடனே எழுந்துபோய்ச் சொல்வேன்.

மாமாவின் கடைசி 19 சுற்றுகளும் அதே நோட்டில் இருக்கின்றன. எல்லாம் 1 நிமிடம் 33 நொடிக்கும் 1 நிமிடம் 34 நொடிக்கும் இடையே. ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. ஓட்டுபவருக்குக் காட்டும் பலகையில் வேறெதுவும் எழுத வேண்டாம், இன்னும் எத்தனை நிமிடம் என்று மட்டும் காட்டு அம்மிணி என்று ஏறும்போது சொல்லியிருந்தார். எத்தனையாவது இடம் என்று அவர் கேட்கவே இல்லை.

ஈரோடு – சான் ஹோசே:

ஊர் ஈரோடு, வேலை அமெரிக்காவில். இங்கே 2006இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற பந்தயத்தில் அலுவலக நண்பர்களோடு இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். காரின் விலை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ஆனால் கூண்டு, சீட், பெல்ட், பிரேக் போன்ற உயிர் காக்கும் பொருள்களின் செலவு அந்தக் கணக்கில் சேராது. அந்த விதியை எழுதியவர்களை நான் மதிக்கிறேன். பணமில்லாதவனும் ஓட்டலாம், ஆனால் பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு விதியும் உண்டு. வேறு வண்டியோடு உரசினால் தப்பு யாருடையது என்றாலும் உள்ளே அழைத்துவிடுவார்கள். நடுவர் முன் போய் நின்று பேச வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் முதல் முறை, "அவன்தான் வந்து இடித்தான்" என்று வாதாடினார், நேரம்தான் போனது. இரண்டாவது முறை நான் போனேன். "கண்ணாடியைப் பார்க்கவில்லை" என்று உண்மையைச் சொன்னேன். சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். உங்கள் மாமா சொன்ன மண்வெட்டியைப் படித்ததும் தாத்தாவோடு பெட்ரோமாக்ஸ் எடுத்துக்கொண்டு ராத்திரி மடை திறக்கப் போன நினைவு வந்துவிட்டது. இங்கே இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இறுதியாண்டு மெக்கானிக்கல்:

அண்ணா, நாங்கள் கல்லூரிக் குழுவாகக் கார் கட்டி அதே தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போனோம். அதில் எண்டியூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டம் 22 கிலோமீட்டர். பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும், மூன்று நிமிடம் தருவார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு மாறி உட்கார்ந்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் கார் அங்கேதான் நின்றது. முதல் பாதி முழுவதும் ஒழுங்காக ஓடிய எஞ்சின் சூட்டில் மறுபடி உயிர் பெறவில்லை. பத்து மாத உழைப்பு. பட்டனை அழுத்தி அழுத்தி என் சீனியரின் கட்டை விரல் சிவந்துவிட்டது. பட்டறையில் ஆறிய எஞ்சினை நூறு முறை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தோம். சூடான எஞ்சினை நிறுத்தி உடனே எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்து வருகிற ஜூனியர்களுக்கு முதல் பக்கத்திலேயே இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உங்களைப் போல ஓட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கணபதி லேத்:

தம்பி, முதலில் லைசென்ஸ். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு, அதாவது எஃப்எம்எஸ்சிஐ தரும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். அடுத்து பிரேக். சாலையில் ஓடும்போது தெரியாத குறையெல்லாம் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பந்தயத்துக்கு முந்தைய நாள் புது டப்பாவைப் பிரித்து மாற்றிவிடு. டேங்க்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் போனால் வளைவில் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்கு முன்பே உள்ளே வந்துவிடு. செலவைப் பொறுத்தவரை, காருக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கூண்டுக்கும் உடைக்கும் பெல்ட்டுக்கும் ஆனது. அதைக் கேட்டுப் பின்வாங்காதே, ஆறு பேர் சேர்ந்தால் தாங்கும்.

கடைசிச் சுற்று முடிந்து மெதுவாக உள்ளே வரும்போது ஒவ்வொரு கொடி மேடையிலும் நிற்பவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்டு. நான்கு மணி நேரம் அந்த வெயிலில் நமக்காக நின்றவர்கள் அவர்கள்.

அந்தத் தடத்துக்குப் பெயரான கரிவரதன், 1995இல் விமான விபத்தில் மறைந்தவர், மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். இந்த ஊரில் லேத்தும் வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு இருக்கும்போது உன் கல்லூரிக் குழுவால் முடியாதது இல்லை.

வரும் ஞாயிறு எங்கள் எஞ்சினைப் பிரிக்கிறோம். அந்தச் சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். மாமாவும் காங்கேயத்திலிருந்து வருகிறார். காலை ஏழு மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடு, உன் சீனியரையும் கூட்டிக்கொண்டு வா.