பேனியருக்குத் தமிழ்ச் சொல்: பக்கப்பெட்டியா, இணைப்பொதியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் சுமையை எப்படிப் பூட்டுவது என்பதுதான் விஷயம். முக்கால்வாசி முடிந்துவிட்டது. பேனியர் என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்குமே, அந்தச் சுமைப்பை. துணியிலும் தோலிலும் வரும், அலுமினியத் தகட்டில் பெட்டியாகவும் வரும்.

இப்போதைக்குப் பக்கப்பெட்டி என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் பழைய வண்டிகள் பலவற்றில் சீட்டுக்குக் கீழே ஏற்கெனவே பெட்டிகள் உண்டு. ஒரு பக்கம் டூல்ஸ், மறுபக்கம் பேட்டரியோ ஏர் ஃபில்டரோ இருக்கும். சைடு பாக்ஸ் என்றால் மெக்கானிக்கின் கை அங்கேதான் போகும். "பக்கப்பெட்டியின் போல்டைக் கழற்றி, அதே துளையில் பக்கப்பெட்டியின் சட்டத்தைப் பூட்டவும்" என்று என் மொழிபெயர்ப்பில் ஒரு வரி வருகிறது. இதைப் படித்து யாராலும் எதையும் பூட்ட முடியாது. உதவுங்கள்.

மறுமொழி (தமிழாசிரியர்)

ஐயா, புதிதாக ஆக்கவே வேண்டாம். சொல் பத்துப்பாட்டில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வணிகச் சாத்தோடு, அதாவது வணிகர் கூட்டத்தோடு, போகும் கழுதைகளைக் காட்டுகிறார். "மிரியல் புணர்ப்பொறை தாங்கிய" என்பது அவர் வாக்கு. மிரியல் என்பது மிளகு. புணர்ப்பொறை என்பது இரண்டு மூட்டையைப் பிணைத்து, முதுகின் இருபுறமும் நிறை ஒத்துத் தொங்கவிட்ட சுமை. நீங்கள் கேட்கும் பொருள் அச்சாக இதுதான். அந்த மூட்டைகள் பலாவின் அடிமரத்தில் காய்த்த பழம் போல இருந்தன என்று உவமையும் சொல்கிறார். சட்டத்தில் மாட்டிய பைகளைப் பின்னால் நின்று பாருங்கள், உவமை விளங்கும்.

ஆங்கிலச் சொல்லின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. லத்தீனில் பானிஸ் என்றால் ரொட்டி. ரொட்டி வைக்கும் கூடைக்கு வந்த பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கழுதை மேல் ஏறி, பிறகு மோட்டார் சைக்கிளிலும் ஏறிக்கொண்டது. அவர்கள் ரொட்டிக்கூடையைக் கைவிடவில்லை. நாம் மிளகுப் பொதியை ஏன் விட வேண்டும்?

பொறை என்ற சொல்லையும் பாருங்கள். பொறு என்ற வேரிலிருந்தே பொறையும் பொறுமையும் பொறுப்பும் வருகின்றன. சுமப்பதும் தாங்கிக்கொள்வதும் நம் மொழியில் ஒன்றுதான். அதனால்தான் குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம்.

மறுமொழி (இலக்கண ஆர்வலர்)

புணர்ப்பொறையில் 'ப்' மிகுந்தது எப்படி? வினைத்தொகை என்றால் ஊறுகாய், சுடுசோறு போலப் புணர்பொறை என்றுதான் நிற்க வேண்டும். புணர் என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் மிகலாம். சங்க வழக்கை விடுங்கள், இன்று ஒரு கலைச்சொல் ஆக்கும்போது இதைத் தீர்க்காமல் போகக் கூடாது.

பொதிமாட்டின் முதுகில் குறுக்கே போடும் பொதிக்குக் கண்டாளம் என்று அகராதியில் ஒரு சொல் உண்டு. தனிச் சொல், புணர்ச்சித் தொல்லையே இல்லை. ஏன் அதை எடுக்கக் கூடாது?

மறுமொழி (பயணி)

கண்டாளம் என்றால் எனக்கே தெரியாது. பைக்கில் சுற்றும் என் நண்பர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. போல்ட் உடைந்து சாலையோரம் நிற்கிறவன் கையேட்டில் என்ன சொல்லைத் தேடுவான் என்று யோசியுங்கள். சேடில் பேக் என்று எழுதுங்கள். எல்லோர் வாயிலும் வருவது அதுதான்.

பெயரை விட அந்த அத்தியாயத்தில் எடை பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறீர்களா? முதல் நெடும்பயணத்தில் டூல்ஸ், உதிரி டியூப், செயின் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டேன். இன்னொன்றில் துணி மட்டும். மேலே கேரியரில், பின்சக்கர அச்சுக்கும் பின்னால், கூடாரத்தைக் கட்டினேன். வேகம் கொஞ்சம் ஏறியதும் ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. பின்னால் எடை கூடினால் முன்சக்கரம் இலேசாகிவிடும் என்பது அன்று கையில் தெரிந்தது. கனமானதை அடியில், முன்பக்கமாக, இரு பக்கமும் சரிபாதியாக வைக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. பயணி ஐயா சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. இந்த அத்தியாயம் முழுக்கச் சமநிலையைப் பற்றியது. பக்கப்பெட்டி, சேடில் பேக் இரண்டும் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. புணர்ப்பொறை அதைத்தான் சொல்கிறது. ஆனால் புணர் என்றதும் இன்றைய வாசகர் மனம் போகும் இடம் வேறு. வகுப்பில் விளக்கிச் சொல்லலாம், கையேட்டில் அதற்கு இடமில்லை. பொருளை வைத்துக்கொண்டு உருவை மாற்றி, இணைப்பொதி என்று எழுதிப் பார்த்தேன். இணையாகிய பொதி என்று விரியும், 'ப்' மிகுவதிலும் தடையில்லை.

நேற்று மாலை, சட்டம் பூட்டித் தருகிற நண்பர் ஒருவரிடம் போய் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு பழைய வண்டியின் பின்மட்கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். இணைப்பொதி என்றதும் நிமிர்ந்து, "ஜோடிப் பையா?" என்றார். அவ்வளவுதான், மேலே விளக்கத் தேவைப்படவில்லை. எழுந்து வந்து இரண்டு சட்டத்தையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் சேர்க்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அது இல்லாவிட்டால் சுமை ஏறியதும் சட்டங்கள் உள்ளே வளைந்து டயரைத் தொடுமாம். "மட்கார்டு கம்பியை நம்பி மாட்டாதீங்க, அது மட்கார்டைத் தாங்கத்தான். சேஸிலதான் பிடிக்கணும். பழைய இஞ்சின் அதிர்வுக்குத் தானா கழலாத நைலாக் நட்டு போடுங்க, முதல் நாள் ஓட்டி முடிச்சதும் எல்லாத்தையும் ஒரு தரம் முறுக்குங்க" என்றார். இந்த நான்கையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன்.

அப்புறம், பொதிக்கும் வண்டியின் பெயின்ட்டுக்கும் நடுவே வைக்கும் மெத்தைத் துணிக்கு என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவரே "சும்மாடு மாதிரி ஒண்ணு வைக்கணும்" என்றார். சுமையடைதான் சும்மாடு ஆனது என்பார்கள். தலைக்கு மட்டும்தானா, டேங்குக்கும் வைக்கலாமே! சும்மாடு என்றே போட்டுவிட்டேன்.

துணியில் வருவதை இணைப்பை என்றும், தகட்டில் வருவதை இணைப்பெட்டி என்றும் பிரிக்கலாமா?

மறுமொழி (இலக்கண ஆர்வலர்)

சும்மாட்டை முழு மனத்தோடு வரவேற்கிறேன். இணைப்பை மட்டும் வேண்டாம். இண்டிகேட்டர் ஒயர் வரும் இடத்தில் "இணைப்பைக் கழற்றவும்" என்று எழுதுவீர்கள் அல்லவா? இணைப்பு என்பதன் இரண்டாம் வேற்றுமையும் இதுவும் ஒரே உருவம். படிப்பவர் ஒயரைப் பிடுங்குவாரா, பையைக் கழற்றுவாரா?

மறுமொழி (இழையைத் தொடங்கியவர்)

சரியாகப் பிடித்தீர்கள். 17ஆம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. இணைப்பையை எடுத்துவிட்டேன். துணியானாலும் தகடானாலும் இணைப்பொதி, தாங்குவது பொதிச்சட்டம். முதல் முறை வரும் இடத்தில் "சேடில் பேக் என்று வழங்கும் இணைப்பொதி" என்று எழுதுகிறேன். இதுவரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். நாளை காலை அனுப்ப வேண்டும்.

மறுமொழி (தமிழாசிரியர்)

அவசரம் புரிகிறது, தடுக்கவில்லை. ஆனால் புணர்ப்பொறையை விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒரு சொல்லைக் கூச்சத்துக்காகக் கைவிட்டால் அது அந்தக் கூச்சத்துக்கே சொந்தமாகிவிடும். அடிக்குறிப்பிலாவது அந்த அடி வரட்டும்.

மறுமொழி (பயணி)

ஒரு சந்தேகம். என் வண்டியில் சைலன்சர் வலப்பக்கம் உயரத்தில் போகிறது. அந்தப் பக்கம் பை மாட்டினால் கருகிவிடும் என்று இடப்பக்கம் மட்டும் ஒன்று மாட்டி, டேங்க் பையில் கொஞ்சம் எடை வைத்து ஓட்டுகிறேன். அந்த ஒற்றைப் பையும் இணைப்பொதிதானா?