மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதா, அளந்து சாப்பிடுவதா?

பொன்வண்டு:
அப்பாவுக்கு டைப் 2 சர்க்கரை இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. வயது 61, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4. டாக்டர் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதிக்கொடுத்து, "மாவுச்சத்தைக் குறைச்சுக்குங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எவ்வளவு குறைப்பது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் சித்தப்பா, "சோறு, ரொட்டி, பழம் எல்லாத்தையும் இன்னையோட நிறுத்து, மாத்திரையே தேவைப்படாது" என்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெறும்தட்டு:
சித்தப்பா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரையை நேரடியாக ஏற்றுவது மாவுச்சத்துதான். புரதம் கொஞ்சம் ஏற்றும், கொழுப்பு ஏறக்குறைய ஏற்றாது. அப்படியிருக்க ஏற்றுவதைத் தின்றுவிட்டு, இறக்க மாத்திரை போடுவானேன்? அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட உணவு அறிக்கையே, சர்க்கரையைக் கட்டுப்படுத்த அதிக ஆதாரம் இருப்பது மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் என்கிறது. 2021-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குறை மாவுச்சத்து உணவில் இருந்தவர்களில் ஆறாவது மாதம் 57 சதவீதம் பேருக்கு ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்திருந்தது. மற்ற உணவுமுறைகளில் 31 சதவீதம்தான். நான் பல வருடமாக நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள் இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன்.

தராசு:
அதே கட்டுரையைக் கொஞ்சம் கீழே வரை படித்திருக்கலாமே, சகோ. பன்னிரண்டாவது மாதத்தில் அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது என்றும் அதில்தான் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். சர்க்கரை ஆறு மாத விவகாரம் இல்லையே.

இன்னொன்று, பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு. ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்தியது, முதல் முடிவு 2017-இல் வந்தது. சில மாதங்களுக்கு நாளுக்கு சுமார் 850 கலோரிக்குக் கரைத்துக் குடிக்கும் மாவு மட்டும்தான் உணவு. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் வரம்புக்குக் கீழே வந்தார்கள். அந்தப் பானத்தில் கலோரியில் ஏறக்குறைய 60 சதவீதம் மாவுச்சத்து! ஆக வேலை செய்தது எடை குறைந்ததும், கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததும்தான். சோற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

வெறும்தட்டு:
சதவீதத்தைக் காட்டி ஏமாற்றாதீர்கள், தராசு சார். 850-இல் 60 சதவீதம் 510 கலோரி. மாவுச்சத்துக்குக் கிராமுக்கு 4 கலோரி. வகுத்துப் பாருங்கள், 130 கிராம்கூட வரவில்லை. பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே குறை மாவுச்சத்து என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். உங்கள் ஆய்வு என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது.

தராசு:
கணக்கு சரி. அப்படியானால் 125 கிராமில் இருந்தே காரியம் நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? 50 கிராமுக்கு இறங்கு, பழத்தைத் தொடாதே என்று 61 வயதுக்காரரைப் பிடித்து மிரட்ட வேண்டிய தேவை எங்கே வந்தது?

ஊசிக்காரி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கேள்வியில் கிளிமிபிரைடு என்று இருக்கிறதே, யாராவது கவனித்தீர்களா?

பொன்வண்டு, இதை முதலில் படியுங்கள். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அப்பா சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரை அளவு அப்படியே இருக்க, மாவுச்சத்தை மட்டும் திடீரென்று வெட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வரும், மயக்கம் வரைக்கும் போகலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. "ஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகள் (டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்) வேறு மாதிரி. அவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், மீட்டரில் பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வரலாம். சாப்பாட்டை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்ய வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நான் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. இத்தனை கிராமுக்கு இத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டு ஊசி போடுகிறவள். எனக்கு மாவுச்சத்து நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை, ஓர் எண், அவ்வளவுதான். இன்சுலின் வருவதற்கு முன், அதாவது 1922-க்கு முன்னால், ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் எங்களைப் போன்றவர்களைப் பட்டினி போட்டே கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தார். "எதுவும் சாப்பிடாதே" என்ற வைத்தியத்தின் கதை அது. மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுக் குழுக்களில் இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

வெறும்தட்டு:
மாத்திரை விஷயத்தில் நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன், மேடம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

தராசு:
கேள்வி கேட்டவருக்குத் தெரியாது, சகோ.

பொன்வண்டு:
நல்லவேளை கேட்டேன். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்கிறேன். அவர் சரி என்றால், அப்புறம் எவ்வளவு என்று எப்படி அளப்பது? அரிசியில் 80 கிராம் மாவுச்சத்து என்று ஓர் இடத்தில் இருக்கிறது, 28 என்று இன்னோர் இடத்தில். எது உண்மை?

தராசு:
ரெண்டுமே உண்மை. 80 என்பது 100 கிராம் பச்சை அரிசிக்கு, அதாவது வேகவைக்காததற்கு. 28 என்பது 100 கிராம் வெந்த சோற்றுக்கு. வேகும்போது தண்ணீரைக் குடித்து எடை கூடிவிடுகிறது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு சமையல் தராசு வாங்கி, அப்பா வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை ஒரே ஒரு வாரம் எடைபோட்டுப் பாருங்கள். 300 கிராம் இருந்தால் அதிலேயே 84 கிராம் மாவுச்சத்து போய்விட்டது. அதை 120 கிராமாக்கினால் 34. அடியோடு நிறுத்தாமலே ஒரு வேளைக்கு 50 கிராம் குறைந்துவிட்டது. மீதித் தட்டைக் காய்கறியும் பருப்பும் முட்டையும் நிரப்பட்டும்.

பழுப்பு அரிசிக்கு மாறிவிட்டோம் என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். நார்ச்சத்து கூடுதல், ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பிஸ்கட்டும் அப்படித்தான். பின்பக்கத்தில் மொத்த மாவுச்சத்து என்ன என்று பாருங்கள்.

நடைராஜா:
சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறி, புரதம் முதலில், மாவுச்சத்து கடைசியில். 2015-இல் நியூயார்க்கில் இப்படிச் செய்து பார்த்ததில், அதே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக வந்தது. அப்புறம் சாப்பிட்டதும் பத்து நிமிட நடை. நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், ஒரே மூச்சில் 30 நிமிடம் நடந்ததைவிட ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்ததுதான் நல்ல பலன் தந்தது, குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

வெறும்தட்டு:
அந்த நியூயார்க் ஆய்வில் 11 பேர்தான். ஆனாலும் செலவில்லாத வேலை, செய்து பார்ப்பதில் தப்பில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: யார் பேச்சையும் நம்பாமல் மீட்டரை நம்புங்கள். முதல் வாய்க்கு முன் ஒன்று, ரெண்டு மணி நேரம் கழித்து ஒன்று. 180-ஐத் தாண்டிப் போகிறதென்றால் அந்த அளவு அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. ஹெச்பிஏ1சி ரெண்டு மூன்று மாதச் சராசரி, எந்தச் சாப்பாடு தப்பு என்று அது காட்டிக்கொடுக்காது. இப்படி ஒரு மாதம் பார்த்தால், அளந்து சாப்பிடச் சொல்கிறவர்களே என் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

தராசு:
மீட்டர் விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் மீட்டர் கொலஸ்ட்ராலைக் காட்டாது. மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெண்ணெயும் கொழுப்பு இறைச்சியுமாக நிரப்பினால், சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறுகிறது. உங்களுக்கு எவ்வளவு?

வெறும்தட்டு:
ஆரம்பத்தில் ஏறியது. வெண்ணெயைக் குறைத்துவிட்டு மீன், வேர்க்கடலை பக்கம் போனேன், இறங்கியது. வேர்க்கடலை எவ்வளவு தின்றாலும் மீட்டர் அசைவதில்லை.

தராசு:
100 கிராம் வேர்க்கடலையில் 16 கிராம் மாவுச்சத்து, அதில் பாதி நார். உங்கள் 50-இல் அதைச் சேர்த்தீர்களா?

வெறும்தட்டு:
நார் சர்க்கரையை ஏற்றாது, அதனால் அதைக் கழித்துத்தான் எண்ணுவேன்.

தராசு:
ஊசிக்காரி மேடம், நீங்கள் கழிப்பீர்களா?

ஊசிக்காரி:
நார் அதிகமாக இருக்கும் சாப்பாட்டுக்கு மட்டும் கழிப்பேன். இதற்கு வேறு ஒரு திரி திறந்துகொள்ளுங்கள், இங்கே வேண்டாம். பொன்வண்டு, அப்பாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இருக்கிறதா? சிறுநீரகத்தில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், புரதத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.