புதுப்பிப்பு: விம்-இல் வண்ணம் காணாமல் போன கதை

விம் என்ற உரைத்திருத்தியின் அமைப்புக் கோப்பான .விம்ஆர்சி-இல் டேப் அகலத்துக்கு ஒரே ஒரு வரி எழுதிச் சேமித்ததும், சின்டாக்ஸ் வண்ணம் (நிரலின் பகுதிகளை நிறம் பிரித்துக் காட்டுவது), மவுஸ், தட்டத் தட்டத் தேடுவது எல்லாம் போய்விட்டதே என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

2016-இல் வந்த விம் 8.0 முதல் டிஃபால்ட்ஸ்.விம் என்றொரு கோப்பு கூடவே வருகிறது. அந்த வசதிகளெல்லாம் அதில்தான். பயனருக்கென்று விம்ஆர்சி இல்லாவிட்டால் மட்டுமே விம் அதைத் தானாக ஏற்றும். கோப்பு காலியாக இருந்தாலும் போதும், 'இவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒதுங்கிவிடும். பழைய விம்ஆர்சி வைத்திருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமலிருக்க இந்த ஏற்பாடாம். சரிதான், ஆனால் புதிதாக வருபவர் குழம்பத்தான் செய்வார்.

தீர்வு: விம்ஆர்சியின் முதல் வரியிலேயே 'சோர்ஸ்' கட்டளையால் டிஃபால்ட்ஸ்.விம்மை ஏற்றுங்கள். நம் அமைப்புகள் அதற்குக் கீழே வரட்டும். கடைசியில் வருவதுதான் செல்லும். மவுஸ் எனக்கு வேண்டாம், அதை அங்கேயே அணைத்துவிட்டேன்.

சர்வர் பார்ப்பவர்களுக்கு: பயனருக்கு விம்ஆர்சி இல்லையென்றால், கணினி முழுமைக்குமான விம்ஆர்சிக்குப் பிறகுதான் டிஃபால்ட்ஸ்.விம் ஏறும். நீங்கள் அங்கே அணைத்த மவுஸ் திரும்ப முளைக்கும்.

விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்-இல் இந்தத் தலைவலி இல்லை. இயல்பு அமைப்புகள் உள்ளேயே இருக்கின்றன.