கடவுள் மேல வந்த சந்தேகத்தை முதல் தடவை வாய்விட்டு சொன்னப்ப எதிர்ல இருந்தவங்க என்ன பண்ணாங்க?

பின்பெஞ்ச்:

நானே ஆரம்பிக்கிறேன். பதினோரு வருஷம் சண்டே ஸ்கூல் டீச்சரா இருந்தவன் நான், எந்த வசனம் கேட்டாலும் அதிகாரத்தோட சொல்லுவேன், அந்த ஆளுதான் இதை எழுதுறேன்னு மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

என் தம்பிக்கு கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்ப சபையே உபவாசம் இருந்துச்சு. சங்கிலி ஜெபம் ராத்திரி பகலா ஓடுச்சு. ஒரு ஊழியக்காரர் போன்ல, கர்த்தர் எனக்கு காட்டிட்டார், உங்க தம்பி எழுந்து நடப்பார்னு அடிச்சு சொன்னார். நாங்களும் எந்த ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்றதுன்னு வரைக்கும் பேசிட்டோம். பதினேழாம் நாள் தம்பி போயிட்டான். அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே அதே ஊழியக்காரர் சொன்னது, குடும்பத்துல யாருக்கோ விசுவாசம் பத்தலன்னு. அந்த யாரோ நான்தான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், ஏன்னா ஐசியு வாசல்ல ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு நின்னப்ப இது ஆகாதுன்னு மனசுக்குள்ள ஒரு தடவை ஓடிச்சு. ஒரே ஒரு தடவைதான்.

எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ரிட்டையர் ஆன ஒரு சபை ஐயர் கிட்ட, அதாவது பாஸ்டர் கிட்ட, போய் கொட்டினேன், அவருக்கு எண்பது வயசு இருக்கும். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். திட்டப்போறார்னு நெனச்சேன். எனக்கும் தெரியலப்பா, அப்படின்னார். தன் மனைவி போய் பன்னெண்டு வருஷம் ஆச்சு, சாயங்கால ஜெபத்துல இன்னமும் அதே கேள்விய கேட்டுட்டுதான் இருக்கேன்னார்.

அப்புறம் மாற்கு சுவிசேஷம் 9ல நோயாளி மகன இயேசுகிட்ட கூட்டிட்டு வர்ற அந்த அப்பாவ பத்தி சொன்னார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கத்துறாரே அவர்தான். பாதி நம்பிக்கையோட வந்தவர இயேசு திருப்பி அனுப்பலையேன்னார். எனக்கு கோவம் வந்துருச்சு, அந்த பையன் பொழச்சுட்டான் ஐயரே என் தம்பி பொழைக்கலையேன்னு கத்திட்டேன். அவர் ஆமான்னார். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு விளக்கமும் கிடையாது. வீட்டுக்கு வந்து எட்டு மாசத்துல முதல் தடவையா முழு ராத்திரி தூங்கினேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நைட்டூட்டி:

படிச்சு அழுதுட்டேன் பின்பெஞ்ச் அண்ணா. நான் கத்தோலிக்க பொண்ணு, நர்ஸ். இனி பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச நோயாளிங்க இருக்கிற வார்டுல வேலை. ஒரு கட்டத்துல ஜெபம் பண்ணா செவுத்துகிட்ட பேசுற மாதிரி ஆயிடுச்சு, கோவம் கூட இல்ல, வெறுமை. பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். ஃபாதர் அன்னை தெரசாவ பத்தி சொன்னார். அவங்க 1997ல இறந்தாங்க, பத்து வருஷம் கழிச்சு 2007ல அவங்க கடிதங்கள் வெளியே வந்தப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுச்சு, கிட்டத்தட்ட அம்பது வருஷம் கடவுள் பக்கத்துல இருக்கிற உணர்வே இல்லாம இருட்டுலதான் இருந்தாங்கன்னு. அந்த கடிதங்கள அழிச்சிடுங்கன்னு அவங்களே கேட்டிருக்காங்களாம். ஃபாதர் ஆறுதலாத்தான் சொன்னார் ஆனா எனக்கு பயமாயிடுச்சு. அம்பது வருஷமா? எனக்கு ரெண்டு வருஷமே தாங்கல.

எனக்கு உண்மையா உதவினது ஒரு நோயாளி. வயசானவர், ஒரு காலத்துல கோயில்ல உபதேசியாரா இருந்தவர். ராத்திரி தூக்கம் வராம பைபிள் வாசிக்க சொல்வார், நான் வழக்கம்போல ஆண்டவரே என் ஆயர்னு ஆரம்பிச்சா கைய ஆட்டி நிறுத்திட்டார். அது நல்லா இருக்கறவங்களுக்கு, நீ திருப்பாடல் 88 வாசிம்மான்னார். வாசிச்சு பாருங்க. மத்த புலம்பல் பாட்டுலயெல்லாம் கடைசில எப்படியாவது ஒரு நன்றியோ நம்பிக்கையோ எட்டிப் பாக்கும், இதுல வெளிச்சமே வராது, இருட்டுதான் என் கூட்டாளிங்கற மாதிரி சொல்லி அப்படியே நின்னுடும். முடிச்சுட்டு அவரை பாத்தேன். இதையும் யாரோ வேதத்துல எழுதி வெச்சிருக்காங்கல்ல, நாம ரெண்டு பேரும் புதுசா எதையும் சொல்லிடலன்னு சிரிச்சார். ஒன்பது ராத்திரி அதையே வாசிச்சோம். பத்தாவது நாள் நான் டூட்டிக்கு போனப்ப பெட் காலி.

எனக்கு அந்த உணர்வு திரும்பி வரல. ஆனா 88 இப்ப மனப்பாடம்.

கேள்விக்குறி:

என் கதைல சாவு கிடையாது, ஒரு அடிக்குறிப்புதான்.

காலேஜ் படிக்கறப்ப புது மொழிபெயர்ப்பு பைபிள் ஒன்னு வாங்கினேன், மாற்கு கடைசி அதிகாரத்துல 9லேருந்து 20 வரைக்கும் உள்ள வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்லன்னு கீழ குட்டியா போட்டிருந்துச்சு. தேடிப் பாத்தா நிஜம்தான், நாலாம் நூற்றாண்டு பிரதிகளான சினாய், வத்திக்கான் ரெண்டுலயும் மாற்கு 16:8லயே முடிஞ்சுடுது. பொண்ணுங்க கல்லறையிலேருந்து பயந்து ஓடறாங்க, யார்கிட்டயும் ஒன்னும் சொல்லல, அவ்வளவுதான் சுவிசேஷம். எனக்கு தலை சுத்திடுச்சு. சின்ன வயசுலேருந்து ஒரு எழுத்து கூட மாறாம வானத்துலேருந்து இறங்கின புஸ்தகம்னு நெனச்சிட்டிருந்தவன்.

யூத் லீடர் கிட்ட கேட்டேன். பதில் வரல, அடுத்த வாரம் என்னை குவயர்லேருந்து எடுத்துட்டாங்க. அதிகமா படிச்சா இப்படித்தான் ஆகும்னு அம்மாகிட்ட வேற சொல்லிவிட்டுட்டாங்க. அறிஞர்கள் இதை நூறு வருஷத்துக்கு மேல வெளிப்படையா பேசிட்டிருக்காங்க, பைபிள் அச்சடிக்கறவங்களே அடிக்குறிப்பு போடறாங்க, நம்ம சபையில மட்டும் அது ரகசியம். சந்தேகம் என்னை வெளியே தள்ளல சார், அந்த மௌனம்தான் தள்ளிச்சு.

இப்ப நான் சபைக்கு போறதில்ல. நம்பறேனான்னு கேட்டா காலைல ஒரு பதில் சாயங்காலம் ஒரு பதில். ஆனா அந்த 16:8 மட்டும் விடமாட்டேங்குது. பயந்து வாய மூடிக்கிட்டு ஓடினவங்க யாராவது அப்புறம் வாய திறந்திருக்கணும், இல்லன்னா நமக்கு எப்படி தெரியும்?

பாறைமேல்:

எல்லாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பேச்சு போற போக்கு எனக்கு கொஞ்சம் இடிக்குது. சந்தேகத்த ஒரு அழகான விஷயம் மாதிரி ஆக்கிட்டோம் இப்பல்லாம். யாக்கோபு 1:6 என்ன சொல்லுது? சந்தேகப்படுகிறவன் காத்துல அடிபட்டு அலையற கடல் அலைக்கு ஒப்பானவன்.

என் அனுபவம் வேற மாதிரி. ஒரு ரெண்டு வருஷம் கடவுள் இருக்காரா, தீமை ஏன் இருக்கு, மத்த மதத்துக்காரன் கதி என்னன்னு எல்லார்கிட்டயும் வாதாடிட்டிருந்தேன், பெரிய தத்துவ ஞானி மாதிரி. ஒரு ஃப்ரெண்டுகிட்ட இதே பல்லவிய பாட ஆரம்பிச்சேன், அவன் பொறுமையா கேட்டுட்டு சொன்னான், டேய் உனக்கு சந்தேகம் இல்லடா, உங்க அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்க மனசில்ல, அதுக்கு கடவுளே இல்லாம இருந்தா சவுகரியம்னு பாக்குற. சொத்து விஷயத்துல நான் அண்ணனுக்கு பண்ணது அவனுக்கு தெரியும். சுருக்குன்னு இருந்துச்சு. மூணு மாசம் அவன்கிட்ட பேசவே இல்ல. ஆனா அவன் சொன்னது சரி. எல்லா கேள்வியும் நேர்மையான கேள்வி இல்ல, என்னோடது இல்ல.

பின்பெஞ்ச்:

பாறைமேல் பிரதர், உங்க அனுபவத்த மதிக்கிறேன், அப்படி சொல்ற நண்பன் கிடைக்கறதும் பாக்கியம்தான். ஆனா 6க்கு முந்தின வசனத்தையும் சேத்து வாசிங்க. ஞானம் குறைவா இருக்கறவன் யார்கிட்ட கேக்கணும்னு சொல்லியிருக்கு? "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய" தேவன்கிட்ட. கேக்கறவன கடிஞ்சுக்காதவர்னு சொல்லிட்டு அடுத்த வரிலதான் அலை வருது. நம்மாளுங்க நேரா அலைக்கு போயிடறாங்க. நானும் சண்டே ஸ்கூல்ல பசங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அதை நெனச்சாதான் வெக்கமா இருக்கு.

பேரில்லாத பாஸ்டர்:

எந்த சபைன்னு கேக்காதீங்க, புரிஞ்சுக்கோங்க. நான் மத்த பக்கத்துலேருந்து சொல்றேன், சந்தேகத்த கேட்டுட்டு தப்பா பதில் சொன்னவன் நான்.

நாலு வயசு குழந்தை அடக்கம். நான்தான் நடத்தினேன். முடிஞ்சதும் அந்த அம்மா என் கைய புடிச்சு, இது தேவசித்தம்னு பிரசங்கத்துல சொன்னீங்களே பாஸ்டர் உங்களுக்கு நிச்சயமா தெரியுமான்னு கேட்டாங்க. சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. தெரியும்மான்னுட்டேன்.

அதுக்கப்புறம் யோபு புஸ்தகத்துல பிரசங்கம் பண்ணவே முடியல என்னால. எல்லாத்தையும் இழந்து உட்கார்ந்திருக்கிற யோபுவ பாக்க வந்த அந்த மூணு சிநேகிதரும் முதல்ல ஏழு நாள் ராத்திரி பகல் ஒரு வார்த்தை பேசாம தரையில உட்கார்ந்திருக்காங்க, அது வரைக்கும் சரியாத்தான் இருந்தாங்க, வாயத் திறந்த அப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. கடைசி அதிகாரத்துல கர்த்தர் கோவப்படறது புலம்பின யோபு மேல இல்ல, தனக்காக வக்காலத்து வாங்கின இவங்க மேல. 38ம் அதிகாரத்துல பேச ஆரம்பிச்சும், பூமிய அஸ்திபாரப்படுத்தினப்ப நீ எங்க இருந்தன்னுதான் கேக்கறாரே ஒழிய யோபு கேட்டதுக்கு காரணம் சொல்லவே இல்ல. முதல் அதிகாரத்துல, யோபுவ சோதிக்க சாத்தானுக்கு கர்த்தர் அனுமதி கொடுத்தப்ப, பரலோகத்துல என்ன நடந்துச்சுன்னு வாசிக்கற நமக்கு தெரியும், யோபுவுக்கு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. இதையெல்லாம் செமினரில படிச்சு மார்க் வாங்கினவன்தான் அந்த குழிமேட்டுல நின்னு தெரியும்மான்னு சொன்னேன்.

தாமஸ் அக்வினாஸ்னு ஒருத்தர், கடவுள பத்தி அவர் அளவுக்கு எழுதினவங்க கம்மி, 1273 டிசம்பர்ல ஒரு நாள் பூசை முடிஞ்சு வந்து எழுதறத நிறுத்திட்டார், நான் எழுதினதெல்லாம் வெறும் வைக்கோல் மாதிரி தெரியுதுன்னாராம். அடுத்த மார்ச்ல இறந்தும் போயிட்டார், பெரிய நூல் பாதியில நிக்குது. அவருக்கே அப்படின்னா நான் ஒரு குறிப்பு நோட்ட வெச்சுக்கிட்டு தேவசித்தத்துக்கு கையெழுத்து போட்டுக் கொடுக்க யாரு?

ஒன்றரை வருஷம் கழிச்சு அந்த அம்மாவ தேடிப் போனேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், எனக்கு தெரியாதும்மான்னேன். அவங்க, தெரியும் பாஸ்டர், உங்க கை நடுங்கிச்சுன்னாங்க.

கேள்விக்குறி:

பாஸ்டர், எனக்கு ஒரு யூத் லீடர் இப்படி வந்து சொல்லியிருந்தா நான் இன்னிக்கு குவயர்ல டெனர் பாடிட்டு இருப்பேன். சும்மா சொல்றேன். சும்மா இல்லயும் கூட.

நைட்டூட்டி:

ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல இருக்கு. இயேசுவோட சீடர் தோமாவ எல்லாரும் சந்தேகப் பேர்வழின்னு முத்திரை குத்திட்டோம், ஆனா இயேசு உயிர்த்தெழுந்துட்டார்னு முதல்ல பொண்ணுங்க வந்து சொன்னப்ப மத்தவங்களும்தான் வீண்பேச்சுன்னு ஒதுக்கினாங்க, லூக்கா 24லயே இருக்கு. நான் கவனிச்சது அந்த எட்டு நாள். காயத்த தொட்டாத்தான் நம்புவேன்னு தோமா சொல்லிட்டார், அடுத்த தடவை இயேசு வரும்போது எட்டு நாள் ஆயிடுச்சு, அப்பவும் தோமா அந்த வீட்டுக்குள்ள அவங்களோடதான் இருக்கார். யாரும் அவரை வெளியே அனுப்பல, அவரும் கிளம்பிப் போகல. மத்தவங்க எல்லாம் பாத்துட்டோம்னு சந்தோஷமா பேசிட்டிருக்கறப்ப இவர் என்ன பண்ணிட்டிருந்திருப்பார்? அந்த எட்டு நாள் பத்தி ஒரு வரி கூட இல்ல. எனக்கு அதைத்தான் தெரிஞ்சுக்கணும்.

பாறைமேல்:

இதை நான் யோசிச்சதே இல்ல சிஸ்டர். அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல இப்ப அந்த எட்டு நாள்தான் ஓடிட்டிருக்குன்னு நெனைக்கிறேன், மன்னிப்பு கேட்டாச்சு, அவர் இன்னும் ஒன்னும் சொல்லல.

பின்பெஞ்ச் அந்த ஐயர் இன்னும் இருக்காரா?

பின்பெஞ்ச்:

இருக்கார். மாசத்துக்கு ரெண்டு தடவை போறேன். காது சுத்தமா கேக்கல இப்ப, ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு மூணு தடவை கத்தி கேக்க வேண்டியிருக்கு. என் சந்தேகம் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அத்துப்படி. போன தடவை அந்த வீட்டு பாட்டி வாசல்ல நிறுத்தி, ஏன் தம்பி, ஐயர் அதுக்கு என்ன சொன்னார் எனக்கு சரியா கேக்கலன்னாங்க.