ரூபாயில் விலை வந்த பிறகு: கேம் கடைகளில் நாம் கண்டவை

திருநெல்வேலியிலிருந்து

2015 நவம்பரில், கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை இந்திய ரூபாயில் விலை காட்டத் தொடங்கியபோது நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அங்கே நமக்கு டாலர் விலைதான். ஒரு டாலர் ஏறத்தாழ 66 ரூபாயாக இருந்த நாள்கள் அவை, 59.99 டாலர் என்று போட்டிருக்கும் கேமை மனக்கணக்கில் பெருக்கினால் நாலாயிரத்தைத் தொட்டு நிற்கும், அதன்மேல் வங்கியும் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். என் டெபிட் கார்டு நாட்டின் எல்லையைத் தாண்டாது என்பதால் ஒவ்வொரு முறையும் அப்பாவின் கிரெடிட் கார்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை வங்கியின் குறுஞ்செய்தியில் டாலர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதெல்லாம் நம்ம ஊர்ல விக்கிறதில்லையா?" என்று கேட்டார். விற்கத்தான் செய்தார்கள், வேறு விதமாக. பர்மா பஜாரிலிருந்து யாரோ வாங்கி வந்து, எங்கள் விடுதியில் அறை அறையாகக் கை மாறிய, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய டிவிடிகளைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?

ரூபாய்க் குறி வந்த அன்று இரவு, வாங்க நினைத்தவற்றைக் குறித்து வைத்திருந்த விஷ்லிஸ்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய டாலர் விலைகளை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே புதிய விலையையும் எழுதிப் பார்த்தேன். சில கேம்களின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சிலவற்றில் டாலரை ரூபாயால் பெருக்கிய எண்ணே அப்படியே இருந்தது. இரண்டு மூன்று கேம்கள் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தன. ஒரே கடையில் இத்தனை மனங்களா என்று அன்று வியந்தேன். விலையை வைப்பது கடை அன்று, ஒவ்வொரு கேமையும் வெளியிடுபவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ஸ்டார்டியூ வேலி அமெரிக்காவில் 14.99 டாலர், இங்கே 480 ரூபாய். நான் காசு கொடுத்து வாங்கி முழுவதுமாக விளையாடி முடித்த முதல் கேம் அதுதான். அதன் பிறகு மார்க்கர் பேனா டிவிடி எதையும் நான் தேடவில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011இலேயே, திருட்டுப் பிரதிகள் விலையால் அல்ல, சேவைக் குறையால்தான் பெருகுகின்றன என்ற பொருளில் பேசியிருக்கிறார். என் அளவில் அது பாதி உண்மை. மறுபாதி அந்த 480 ரூபாய்.

மனம் கசந்தது 2020இல். ஹொரைசன் ஜீரோ டான் கணினிக்கு வரப்போகிறது என்று முன்பதிவு தொடங்கியபோது இந்திய விலை 1,099 ரூபாய். வெளியாவதற்கு முன்பே அது 3,299 ஆகிவிட்டது. முன்பே வாங்கியவர்கள் தப்பித்தார்கள், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் மூன்று மடங்கு விலையைப் பார்த்து நின்றார்கள். நானே கவனித்த ஒன்றைச் சொல்கிறேன்: முதலிலேயே 3,299 என்று போட்டிருந்தால் எவரும் இத்தனை கோபப்பட்டிருக்க மாட்டார்கள், தள்ளுபடி வரும்வரை பேசாமல் காத்திருந்திருப்போம். 1,099ஐக் கண்ணில் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டதுதான் உறுத்தியது. உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து

எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரே கேம் எந்த நாட்டில் என்ன விலை என்று வரிசையாகக் காட்டும் அட்டவணைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022இல் அந்த அட்டவணைகளின் அடிமட்டத்தில் எப்போதும் இருந்தவை அர்ஜென்டினாவும் துருக்கியும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏழு துருக்கி லிரா சொச்சம். 2023 நவம்பரில் அது 28ஐத் தாண்டியிருந்தது. லிராவில் ஒரு முறை விலை எழுதி வைத்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத வெளியீட்டாளர்களின் கேம்கள், எவரும் குறைக்காமலேயே கால் விலைக்கு இறங்கிவிட்டன.

செய்தி அனுப்பும் செயலி ஒன்றில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. 1,200 ரூபாய் கொடுத்தால் நம் கணக்கைத் துருக்கிக்கு மாற்றி, அந்நாட்டு கிஃப்ட் கார்டையும் ஏற்றித் தருவதாக ஒருவர் சொன்னார். கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வந்த குறியீட்டையும் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் வேலையை முடிக்கும் இருபது நிமிடமும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்; பத்து ஆண்டுகளாகச் சேர்த்த கேம்கள் அத்தனையும் அந்த ஒரு கணக்கில்தான் இருந்தன. மாற்றம் நடந்தது. இங்கே 1,299 ரூபாய்க்கு இருந்த கேமை முந்நூறு ரூபாய்க்கும் குறைவாக வாங்கினேன். இருப்பிடத்தை மறைத்து வாங்குவது கடையின் ஒப்பந்தத்துக்கு எதிரானது என்பது தெரிந்தேதான் செய்தேன்.

2022 அக்டோபரில் வால்வ் வெளியீட்டாளர்களுக்குத் தரும் பரிந்துரை விலைகளைத் திருத்தியபோது, 59.99 டாலர் கேம்களுக்குத் துருக்கியில் 454 விழுக்காடும் அர்ஜென்டினாவில் 485 விழுக்காடும் ஏற்றிக் காட்டியது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, ஏனெனில் அது பரிந்துரைதான், எல்லா வெளியீட்டாளர்களும் உடனே ஏற்கவில்லை. 2023 நவம்பர் 20ஆம் தேதி லிராவும் பெசோவும் கடையிலிருந்தே நீக்கப்பட்டு, அந்த இரு நாடுகளும் டாலருக்கு மாற்றப்பட்டன. நாணய மதிப்பு நிலையில்லாமல் ஆடுவதால் விலையை நிர்ணயிப்பது கடினமாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். என் வாலட்டில் இருந்த லிரா டாலராக மாறி நின்றது. நான் குறித்து வைத்திருந்த கேம்களில் பாதிக்கு மேல் இந்திய விலையைவிட அதிகம். கணக்கை இந்தியாவுக்குத் திருப்பவும் உடனே முடியவில்லை, ஏனென்றால் நாட்டை மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், எனக்கோ முந்தைய மாதம்தான் ஒரு மாற்றம் நடந்திருந்தது.

அந்த வாரம் துருக்கியர்கள் எழுதியவற்றைப் படித்தபோதுதான் உண்மையில் தலை குனிந்தேன். அவர்களுக்குச் சம்பளம் லிராவில்தான் வருகிறது, டாலர் விலையிலிருந்து தப்பிப் போக அவர்களுக்கு வேறு கணக்கு ஏதும் இல்லை. என்னைப் போல் எல்லை தாண்டி வந்தவர்கள்மேல் அவர்களுக்கு இருந்த கோபம், விலையை ஏற்றியவர்கள்மேல் இருந்ததைவிடக் குறைவானதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

ரூபாய் விலை ஏறியது, இறங்கியது என்று நீங்கள் பேசிக்கொள்வதைப் படிக்கையில் சற்றுப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் நாணயத்தில் ஸ்டீம் கடை விலை காட்டுவதே இல்லை. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளோடு சேர்த்துத் தெற்காசியாவுக்கென்று தனியாக ஒரு டொலர் விலை வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்க விலையைவிடப் பல விளையாட்டுகளுக்குக் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டொலர் டொலர்தான். 2022 மார்ச்சில் எங்கள் ரூபாயின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கே விட்டபோது, இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360ஐத் தொட்டது. பத்து டொலர் விளையாட்டின் விலையை எவரும் ஒரு சதம்கூட ஏற்றவில்லை, எனக்கு மட்டும் அது இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறு ஆகிவிட்டது. கோபப்படுவதற்குக்கூட ஆள் கிடைக்காத விலையேற்றம் அது. எரிபொருளுக்கு வரிசையில் நின்றுகொண்டு, கைபேசியில் கோடைக்காலத் தள்ளுபடியைப் பார்த்துவிட்டு, வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்காது என்பது நினைவுக்கு வந்து, மூடி வைத்த ஒரு மத்தியானத்தை நான் மறக்கவில்லை.

விலை பரவாயில்லை, விற்றால் போதும் என்ற நிலையும் ஒருமுறை வந்தது. 2024 மே மாதத்தில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டுக்கு, சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்கு கட்டாயம் என்று அறிவித்தார்கள். அந்தச் சேவை இல்லாத நாடுகள் பட்டியல் 177 என்று நீண்டது, அங்கெல்லாம் ஸ்டீமில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். எதிர்மறை மதிப்புரைகள் இலட்சக்கணக்கில் குவிந்த பிறகு கணக்குக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். அந்த மதிப்புரைகளை எழுதியவர்களில் பெரும்பாலானோர் தடையே இல்லாத நாடுகளில் இருந்தவர்கள் என்று நினைக்கிறேன். முகம் தெரியாத அவர்களுக்கு நன்றி.

கோயம்புத்தூரிலிருந்து

இங்கே எல்லோரும் வாங்குபவர்களாக எழுதுகிறீர்கள், நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் தம்பியும் இரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு சிறிய புதிர் கேம் செய்து ஸ்டீமில் வெளியிட்டோம். 100 டாலர் கட்டி இடம் வாங்கிய பிறகு விலைப் பக்கம் திறக்கும். டாலர் விலையை எழுதினால் போதும், மற்ற நாணயங்களின் கட்டங்கள் எல்லாம் தாமாகவே நிரம்பும். அந்தந்த நாட்டின் வாங்கும் திறனையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த எண்களைப் பரிந்துரைக்கிறார்கள், நாம் விரும்பினால் ஒவ்வொன்றையும் மாற்றலாம். பெரும்பாலானவர்கள் மாற்றுவதில்லை. மாற்றுபவர்களில் சிலர் இந்தியக் கட்டத்தில் டாலர் மதிப்பையே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், குறைந்த விலையில் இங்கே வாங்கியதை வெளியே கீ எனப்படும் குறியீடாக விற்றுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

நான் செய்தது எதிர்த் தவறு. டாலர் விலை 4.99. நம்மூர்ப் பிள்ளைகள் வாங்கட்டும் என்று பரிந்துரையை அழித்துவிட்டு 99 ரூபாய் என்று எழுதினேன். அதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உள்ளடக்கம். அது போக மீதி ஏறத்தாழ 84 ரூபாய், அதில் கடைக்கு 30 விழுக்காடு, ஆக எங்கள் கணக்கில் நிற்பது 58 ரூபாய் சொச்சம். அதுகூட எனக்குப் பொருட்டாக இல்லை. வந்த மதிப்புரைகளில் ஒருவர், இந்த விலைக்கு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்து வாங்காமலே விட்டிருந்ததாகவும், நண்பர் சொன்ன பிறகுதான் வாங்கியதாகவும் எழுதியிருந்தார். மலிவு விலை மரியாதையைக் குறைக்கும் என்று என் அம்மா புடவைக் கடையில் சொல்வது வழக்கம். கேமுக்கும் அது பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு 199க்கு ஏற்றினேன். விலையை ஏற்றினால் அடுத்த 30 நாள்களுக்குத் தள்ளுபடி தர முடியாது என்ற விதியைச் சரியாகப் படிக்காததால், அந்த ஆண்டின் பெரிய சேல் எங்களைக் கடந்து போனது. ஏற்றிய அன்று வந்த இரண்டு எதிர்மறை மதிப்புரைகளில் ஒன்று, திருநெல்வேலி நண்பர் 1,099ஐப் பற்றிச் சொன்னதையே என்னிடம் கோபமாகச் சொன்னது.

சென்னையிலிருந்து

கன்சோல் பக்கம் நிலவரம் வேறு. பிளேஸ்டேஷன் 5க்கான பெரிய கேம்கள் இங்கே 4,999 ரூபாய், அமெரிக்காவில் 69.99 டாலர். நம் விலையில் வரி உள்ளடக்கம், அவர்கள் விலையில் இல்லை. வரியைக் கழித்தால் 4,236 ரூபாய்தான், டாலரை 85ஆல் பெருக்கினால் 5,900ஐத் தாண்டுகிறது. ஆகவே வெளியீட்டாளர் நமக்குக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார். எனக்கோ அது ஒரு மாத மளிகைச் செலவு. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. நான் வட்டாகவே வாங்குகிறேன், முடித்த பிறகு பாதி விலைக்காவது கை மாற்றிவிடலாம். பதிவிறக்கி வாங்கியதை எவரிடம் விற்பது?

சிங்கப்பூரிலிருந்து

எனக்கு நேர்ந்தது மிகச் சிறிய விஷயம்தான். திருச்சியில் படிக்கும் என் அக்கா மகனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்டீமில் ஒரு கேம் பரிசாக அனுப்புவேன். சென்ற ஆண்டு அவனுக்கு ஒரு பயிற்சிப் பணியில் முதல் ஊதியம் வந்தது. அந்தப் பணத்தில் எனக்கு ஒரு கேம் வாங்கி அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு, என் விஷ்லிஸ்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செய்தியெல்லாம் எழுதி, கடைசிப் பொத்தானை அழுத்தியபோது, இரு நாட்டு விலைகளுக்கும் வேறுபாடு அதிகம் என்பதால் இந்தப் பரிசை அனுப்ப முடியாது என்று கடை மறுத்துவிட்டது. நான் அனுப்புவது மட்டும் தடையில்லாமல் போய்ச் சேர்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமன்தான் கொடுக்க வேண்டும், ஊரில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நம் உறவினர்கள் வைத்திருக்கும் வழக்கத்தைக் கணினியும் படித்து வைத்திருக்கிறது போலும்.

திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். அவன் மனம் வருந்தக் கூடாது என்று அதே கேமை அன்றிரவே சிங்கப்பூர் டாலரில் நானே வாங்கி, அவன் வாங்கித் தந்ததாகவே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தவன் சற்று நேரம் கழித்து எழுதினான்: "மாமா, இந்தக் காசுக்கு நான் மூணு கேம் வாங்கியிருப்பேன்."