தம்பி போனில் அந்தக் குழுவைப் பார்த்துட்டேன், என்ன பண்றது?

ஈரோட்டு அக்கா:
தம்பிக்கு 20 வயசு. கோவையில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், நாலு அரியர். லீவுக்கு வந்திருக்கான். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். போனை நெஞ்சுமேல கவிழ்த்து வச்சபடியே தூங்கிட்டிருந்தான். சார்ஜ் போடலாம்னு எடுத்தா, திரை அணையல. தற்கொலை பத்திப் பேசுற ஒரு குழு, எல்லாம் இங்கிலீஷ். "எங்களைத் தவிர யாரும் உன்னைப் புரிஞ்சுக்க மாட்டாங்க, வீட்டில் சொல்லாதே"ன்னு யாரோ எழுதியிருக்காங்க. கீழே இவன் ஒரு இதயம் போட்டிருக்கான்.

அப்பாவுக்குத் தெரிஞ்சா போனை உடைச்சிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகும்னு சித்தி சொல்றாங்க. நேரா கேட்டா, இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

மதுரைக்காரன்:
அக்கா, கேளுங்க. இன்னைக்கே கேளுங்க. கேக்கறதால எண்ணம் புதுசா முளைக்காது, மனநல டாக்டருங்க இதைத் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. "சாகணும்னு தோணுதாடா?"ன்னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க. "தப்பா எதுவும் யோசிக்கலையே?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் பதில் வரும்.

நான் 23 வயசுல எட்டு மாசம் அந்த மாதிரி ஒரு இடத்தில் இருந்தவன். வேலை போயிருந்தது, தலைக்கு மேல கடன். அங்க நான் சாகறதுக்காகப் போகல, பேசறதுக்குப் போனேன். முதல் ராத்திரி ஒருத்தர் "இங்க யாரும் உனக்கு அட்வைஸ் பண்ண மாட்டோம்"னு எழுதினார். படிச்சிட்டு அழுதுட்டேன், அவ்வளவு நிம்மதி. தம்பி போட்ட இதயத்துக்கு அர்த்தம் அதுவாத்தான் இருக்கும்.

போகப் போகத்தான் புரிஞ்சது. "தாங்க முடியல"ன்னு எழுதினா பத்து நிமிஷத்துல முப்பது பேர் வருவாங்க. ஒருநாள் அம்மா சுட்ட குழிப்பணியாரம் ஏழு சாப்பிட்டேன், கொஞ்சம் தெம்பா இருக்குன்னு எழுதினேன். விடியற வரைக்கும் ஒரு பதில் இல்ல. மறுநாள் பழையபடி எழுதினேன், எல்லாரும் வந்துட்டாங்க. எதுக்கு ஆள் வருதோ அதையே எழுத மனசு பழகிடுது அக்கா. டாக்டரைப் பார்க்கப் போறேன்னு ஒரு பொண்ணு சொன்னப்போ, பூட்டி வச்சிடுவாங்கன்னு பயமுறுத்தி அவங்களைப் போகவிடாம பண்ணினாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எழுதவே இல்ல. அவங்க பேரை நான் இன்னும் தேடிப் பார்க்கறேன்.

அங்க இருக்கறவங்க முக்கால்வாசிப் பேர் நம்மள மாதிரி வலியில் இருக்கறவங்கதான். ஆனா அந்த வலியைத் தேடி வர்ற ஆளுங்களும் உண்டு. எனக்கு ஒருத்தர் "தனியா பேசலாம், சேர்ந்தே போகலாம்"னு அனுப்பினார். இப்படியும் கூப்பிடுவாங்களான்னு தேடினப்போதான் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து கேஸ் ஒண்ணு கண்ணில் பட்டது. வில்லியம் மெல்சர்ட் டிங்கெல்னு ஒரு ஆண் நர்ஸ். தன்னை இளம்பெண் நர்ஸ்னு சொல்லிக்கிட்டு, நானும் உன்கூடவே சாகறேன்னு வாக்குக் கொடுத்துப் பேசுவான். 2005-ல் இங்கிலாந்தில் ஒருத்தர், 2008-ல் கனடாவில் ஒரு காலேஜ் பொண்ணு இறந்துட்டாங்க. இவன் பெண்டாட்டி பிள்ளைகளோட வீட்டில் இருந்தான். அவனைத் துப்புத் துலக்கினது சீலியா பிளேன்னு இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். போலீஸ் முதல்ல பெரிசா எடுத்துக்காதபோதும் அந்தம்மா விடல. ஜப்பான்ல ஸாமாங்கற ஊரில் 2017-ல் பிடிபட்டவன் இன்னும் மோசம். சாகணும்னு ட்விட்டர்ல எழுதினவங்களைத் தேடிப் பிடிச்சு, துணைக்கு வர்றேன்னு கூப்பிட்டு, ஒன்பது பேரைக் கொன்னான்.

அதைப் படிச்சு முடிக்கும்போது விடிஞ்சிடுச்சு. அம்மா அடுப்படியில் பால் பாக்கெட் வெட்டிக்கிட்டிருந்தாங்க. போனை அப்படியே அவங்க கையில் கொடுத்தேன். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னப்பா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு"ன்னாங்க. எட்டு மாசமா இங்கிலீஷ்ல எழுதினதை, தமிழ்ல, அம்மா முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாப் போச்சு. பாதியிலேயே என்னால சொல்ல முடியல. பால் பொங்கி வழிஞ்சது, ரெண்டு பேரும் எழுந்திருக்கல.

போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா "வீட்டில் யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க"ன்னு அந்த ஆள் சொன்னது தம்பிக்கு நிஜமாயிடும். பக்கத்துல உட்காருங்க, தனியா விடாதீங்க. வீட்டில் இருக்கற மாத்திரை, தோட்டத்து மருந்து எல்லாத்தையும் பூட்டிச் சாவியை நீங்க வச்சுக்கங்க.

சேலம் நர்ஸ்:
மனநலப் பிரிவில் வேலை பார்க்கறேன்மா. சித்தி சொல்றது பழைய பயம். எண்ணம் இருக்குன்னு டாக்டர்கிட்ட வர்றது எந்தக் காலத்திலும் குற்றமில்ல. முயற்சி பண்ணினவங்களுக்குத்தான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு இருந்தது. அவங்க கடுமையான மன உளைச்சலில் இருந்ததா எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்தோட 115-ஆம் பிரிவு சொல்லுது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 கிடையாது. தற்கொலைக்குத் தூண்டறது மட்டும் இன்னும் குற்றம்தான், புதுச் சட்டத்தோட 108-ஆம் பிரிவு. அதனால அந்த ஆள் எழுதினதை அழிக்காதீங்க.

14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கு. சென்னையில் 1986-லேர்ந்து நடக்கற தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகாவோட எண் 044-24640050. தம்பி பேசத் தயாராகலைன்னா முதல்ல நீங்களே கூப்பிடுங்க. கூட இருக்கறவங்ககிட்டயும் பேசுவாங்க. இந்தத் திரியைப் படிக்கிற வேற யாருக்காவது அந்த எண்ணம் இருந்தா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஈரோட்டு அக்கா:
கேட்டுட்டேன். சாயங்காலம் ரெண்டு பேரும் பூண்டு உரிச்சிக்கிட்டிருந்தோம். அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டேன். ரொம்ப நேரம் பேசல, உரிச்ச பல்லையே மறுபடி மறுபடி உரிச்சான். அப்புறம் "எப்பக்கா பார்த்த?"ன்னான். அப்புறம் "ஆமா"ன்னான். திட்டல, அழுகை மட்டும் வந்திடுச்சு.

14416-க்கு ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினோம். ரெண்டு நிமிஷத்துல ஸ்பீக்கரை அணைச்சிட்டுத் தனியா பேசணும்னான், கதவைச் சாத்தாம மட்டும் பேசுன்னு சொன்னேன். நாளைக்குக் காலைல அரசு ஆஸ்பத்திரிக்குப் போறோம், டாக்டர் வரும்போது நானும் உள்ளே வரணுமாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஹால்ல அவன் பக்கத்துலயே பாய் விரிச்சிருக்கேன். போன் அவன்கிட்டதான் இருக்கு.